பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாதபோது

"சி படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கெர்னிகனும் ரிட்சியும் எழுதியதை வாங்கு, யஷவந்த் கனேத்கரின் 'லெட் அஸ் சி' பக்கமே போகாதே. மொழியின் இலக்கணப்படி பார்த்தால் பதில் சரி. ஆனால் அது புத்தகத்தை மட்டும் பார்க்கிறது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. தர்மபுரி மாதிரி ஒரு ஊரிலிருந்து போய் பி.இ. படித்தவனுக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முதலில் கண்ணில் படும்.

கெர்னிகன்-ரிட்சி புத்தகம் வெளிவந்தது 1978-ல். அதற்கு வேர், பெல் ஆய்வகத்தில் சக ஊழியர்களுக்காக கெர்னிகன் 1974-ல் எழுதிய ஒரு சிறு பயிற்சிக் குறிப்பு. அந்த வாசகருக்குச் சந்தேகம் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நாலு அறை தள்ளிப் போனால் போதும், மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே இருப்பார். புத்தகமும் இதை மறைக்கவில்லை. இது நிரலாக்கத்தின் அரிச்சுவடி அல்ல, மாறி, மடக்கு, செயற்கூறு எல்லாம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும், புதியவரும் படிக்கலாம், ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் உதவியாக இருக்கும் என்ற பொருளில் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? ஆனால் என் கணக்கில் மொத்தப் புத்தகத்துக்கும் சாவி அந்த ஒரு வரிதான்.

அந்த "விஷயம் தெரிந்த ஒருவர்" தொண்ணூறுகளின் தர்மபுரி மாவட்டத்தில் யார்? அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் இதே மாவட்டம்தான், 2004-ல்தான் பிரிந்தது. பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி வந்ததே 1994-ல். பாலக்கோட்டிலிருந்தோ அரூரிலிருந்தோ பொறியியலுக்குப் போன பையன்களில் பலர் குடும்பத்திலேயே முதல் பட்டதாரிகள். நான் படித்த கல்லூரியில் வாரத்துக்கு ஒரு லேப், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். விசைப்பலகையில் கை வைப்பவர் ஒருவர், மற்ற இருவர் வேடிக்கை. மீதி ஆறு நாளும் சி என்பது காகிதத்தில் மட்டும் இருந்த மொழி.

இந்த இடத்தில்தான் 'லெட் அஸ் சி' வருகிறது. நாக்பூரைச் சேர்ந்த கனேத்கர் எழுதி, டெல்லியின் பி.பி.பி. பதிப்பகம் வெளியிட்டது. கெர்னிகனின் முதல் நிரல் 'ஹலோ வேர்ல்டு', அடுத்தது ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் அட்டவணை. (நம் வீட்டில் காய்ச்சல் மட்டும் ஃபாரன்ஹீட், வெயில் செல்சியஸ் என்பது தனிக்கதை.) கனேத்கரின் முதல் நிரல் தனிவட்டி. அசல், வருடம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகு. கந்துக்காரரிடம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். கணக்கு ஏற்கெனவே மனசில் இருப்பதால் கவனம் முழுக்க மொழியின் மேல் போகும். தற்செயலோ திட்டமோ, நல்ல தேர்வு.

அடுத்து ஸ்கேன்எஃப். உள்ளீடு வாங்கும் இந்தச் செயற்கூறில் மாறியின் பெயருக்கு முன்னால் & போட வேண்டும். ஏன் என்று புரிய பாயிண்டர் தெரிய வேண்டும், அது பின்னால் வரும் பாடம். ஆரம்பநிலை சி புத்தகம் எழுதும் எல்லோருக்கும் இது தொண்டையில் சிக்கும் முள். கெர்னிகன் விஷயத்தையே ஏழாம் அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுகிறார். கனேத்கர் முதல் அத்தியாயத்திலேயே போட்டு, இது முகவரியைக் குறிக்கும் குறி, கட்டாயம் வேண்டும், முழு விவரம் பிறகு என்று நகர்ந்துவிடுகிறார். முதலாவது நேர்மையான வழி, இரண்டாவது வேலை நடக்கும் வழி. விளக்கம் பிறகு வரும் என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லாமல் போகும் புத்தகங்கள்தான் ஆபத்து. வாசகர் தனக்குத்தான் மூளை போதவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். அப்படி முடிவு கட்டி, படிப்பை முடித்தும் கோடிங் பக்கமே வராதவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

இன்னொன்று, அத்தியாய முடிவில் வரும் பயிற்சிகள். "இந்த நிரலின் வெளியீடு என்ன?", "பிழை இருந்தால் சுட்டிக்காட்டு." இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டாம், பென்சில் போதும். பஸ்ஸில் உட்கார்ந்து போடலாம். இயந்திரம் இல்லாதவருக்கான நிரலாக்கப் புத்தகம் என்று ஒன்று இருக்க முடியுமானால் அது இதுதான்.

ஆனால் அந்தப் பலம்தான் பிறகு நோயானது. "வெளியீடு என்ன" என்பது தேர்வுக்கும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் அளவெடுத்துத் தைத்த கேள்வி. ஐ பிளஸ் பிளஸ்ஸையும் பிளஸ் பிளஸ் ஐயையும் ஒரே வரியில் கூட்டி விடை கேட்பார்கள். அதற்கு விடை என்ன என்று சி மொழியின் தரநிர்ணயம் வரையறுக்கவே இல்லை. ஒரு கம்பைலர் ஒன்று சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். நாம் மனப்பாடம் செய்தது போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி என்ன சொல்லும் என்பதை. சி மொழியும் அந்த நீலத்திரையும் ஒன்றென்றே ஒரு தலைமுறை நினைத்தது. 'வாய்ட் மெயின்' எழுதும் பழக்கம், திரையைத் துடைக்க கிளியர்ஸ்கிரீன், கடைசியில் கெட்ச் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

டர்போ சி-யில் இன்ட் வகைக்கு 16 பிட். அதிகபட்சம் 32767. தொடர்பெருக்கம் காணும் நிரலை எழுதி 7 கொடுத்தால் 5040 வரும். 8 கொடுத்தால் 40320-க்குப் பதிலாக -25216 வரும். நேர்மறை எண்களைப் பெருக்கி எதிர்மறை விடை! இதைவிட நல்ல பாடம் நடத்த வாய்ப்பு கிடைக்காது. ஆனால் லேப் ரெக்கார்டில் எல்லோரும் 5-க்கு 120 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போய்விடுவோம். இன்றைய 32 பிட் இன்ட்டில் இதே நிரல் 12 வரை தாங்கும். 13 கொடுத்தால் 1932053504 என்று வரும். மைனஸ் குறிகூட இல்லை, பார்க்க ஒழுங்கான எண், அத்தனையும் தப்பு.

அதனால் ஒரு ஆரம்பநிலைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது பிழை பற்றி எங்கே பேசுகிறது என்பதைத்தான். தனியாகப் படிப்பவர் மாட்டுவது அங்கேதான். டர்போ சி 'எல்வேல்யூ ரெக்கொயர்டு' என்று ஒரு செய்தி காட்டும். சமன்குறிக்கு இடப்பக்கம் மதிப்பை வைக்க ஒரு இடம் வேண்டும், அது இல்லை என்பதுதான் அர்த்தம். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அரை நிமிஷ வேலை. இல்லாவிட்டால் அன்றைய லேப் போச்சு. நம் ஊர்க் கல்லூரிகளில் 'லெட் அஸ் சி'-க்கு இணையாகப் புழங்கிய பாலகுருசாமியின் 'புரோகிராமிங் இன் ஆன்சி சி' (இவர் பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர்) பிழை வகைகளையும் சோதிக்கும் முறையையும் ஒழுங்காகவே விளக்குகிறது. ஆனால் கடைசி அத்தியாயத்தில். அதற்குள் செமஸ்டர் முடிந்திருக்கும்.

பழைய புத்தகக் கடைகளில் இந்தப் புத்தகங்கள் கண்ணில் பட்டால் பக்கங்களின் ஓரத்தைப் பார்ப்பது என் வழக்கம். கை பட்ட அழுக்கு எதுவரை இருக்கிறதோ அதுவரை படித்திருக்கிறார்கள். பாயிண்டர் வரை கருப்பு, அதற்குப் பிறகு வெள்ளை. விமர்சனக் கட்டுரையைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

இப்போது நிலைமை வேறு. கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் கையில் போன் இருக்கிறது, அதிலேயே பைத்தான் ஓடும். ஆனால் சொல்லித்தர ஆள் கிடைப்பது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததுதான். 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்ட பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். பைத்தான் தொடங்குவது ஐந்தாம் பாடத்தில். அதற்கு முன் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, நெறிமுறை என்று நான்கு பாடங்கள். முதல் பாடத்தின் நிரல்கள் பைத்தானிலேயே இல்லை, 'லெட் ரெக்' என்று தொடங்கும் வேறொரு மொழியின் சாயலில் இருக்கின்றன. கருத்து உயர்வானது, மறுக்கவில்லை. ஆனால் ஆர்வத்தோடு முதல் பக்க நிரலைப் போனில் தட்டிப் பார்க்கும் பாப்பிரெட்டிப்பட்டி மாணவிக்குக் கிடைப்பது ஒரு சிவப்பு எழுத்துப் பிழைச் செய்தி. அது ஓடுவதற்காக எழுதப்பட்டதல்ல என்று அவளுக்கு யார் சொல்வது?

இதற்கு நேர் எதிர்த்திசையில், 2012-ல் தொடங்கிய கணியம் இதழைச் சுற்றி உருவான 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்கள். து. நித்யா எழுதிய மைசீக்வல் நூல் இந்த வகை. இலவசம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், யாருக்கும் அனுப்பலாம். கலைச்சொல்லுக்காக மல்லுக்கட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தமிழில் சொல்லிப் போகும் வகை. பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். 'இனக்குழு', 'மரபுரிமம்', 'பல்லுருவாக்கம்' என்று பள்ளியில் படித்துவிட்டு, கல்லூரியில் கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் என்று முதலிலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு இந்தக் கலப்புத் தமிழ் ஒரு பாலம்.

மூன்றாவது அத்தியாயம் முடிந்ததும், புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கை எழுத முடிகிறதா என்றும் பார்ப்பேன். பாலக்கோடு மண்டிக்கு இத்தனை கிரேடு தக்காளி போனது, கமிஷன், ஏற்றுகூலி, வண்டி வாடகை போகக் கையில் எவ்வளவு? இதை எழுத வைத்த புத்தகம் பழைய பதிப்பாக இருந்தாலும் வாங்கலாம். கனேத்கரின் பழைய பிரதி வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். நிரல்களை டர்போ சி-யில் அல்ல, ஜிசிசி-யில் ஓட்டுங்கள், 'வெளியீடு என்ன' கேள்விகளில் ஒரே வரியில் இரண்டு பிளஸ் பிளஸ் வந்தால் தாண்டிப் போங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் கேட்டால், ஐந்தாம் பாடத்திலிருந்து ஆரம்பித்துப் பத்து நிரல் ஓடிய பிறகு முதல் பாடத்துக்குத் திரும்பச் சொல்கிறேன்.