கார்னேஷன் ஏன் தூங்கிப் போச்சு?

சேக்காட்டுல எங்க வீட்டு நிச்சயதார்த்தம். முந்தின நாள் சாயங்காலமே கோயம்பேட்டுல ரெண்டு கார்னேஷன் மாலை வாங்கிட்டு வந்து, சீர்வரிசைத் தட்டு அடுக்கின ரூம்லயே வெச்சு, ஜன்னலையும் சாத்திட்டோம். கூடவே பழுத்த வாழைத்தார், ஆப்பிள், பப்பாளி. காலைல பார்த்தா கார்னேஷன் இதழெல்லாம் உள்ளே சுருண்டு கிடக்கு. பக்கத்துல இருந்த சாமந்தி மட்டும் ஜம்முனு இருக்கு!

"பழைய சரக்கைத் தலையில கட்டிட்டீங்களே" என்று பூக்கடைக்காரரை போனில் பிடிபிடியெனப் பிடித்தேன். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "பழத்தோட வெச்சீங்களா சார்?" சமாளிக்கிறார்னு நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சதுல கிடைச்சதுதான் இந்தக் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா, அமெரிக்க நகரங்களில் நிலக்கரி வாயுவில்தான் விளக்கு எரிந்தது. குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் இலை உதிர்த்தன. 1901-ல் ரஷ்யாவின் டிமித்ரி நெல்யூபோவ், தன் ஆய்வகத்துப் பட்டாணி நாற்று கோணலாக வளர்வதற்குக் காரணம் அந்த வாயுவில் இருக்கும் எத்திலீன்தான் என்று கண்டுபிடித்தார்.

அடுத்தது சிகாகோ. அங்கே கண்ணாடிக் குடில்களில் கார்னேஷன் மொட்டு விரியவில்லை, விரிந்த பூ மூடிக்கொண்டது. பூ வியாபாரிகள் அதை 'தூக்கம்' என்றே சொன்னார்கள். 1908-ல் குரோக்கர், நைட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். காற்றில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு எத்திலீன் இருந்தாலே போதும், 12 மணி நேரத்தில் விரிந்த பூ மூடிவிடுகிறது. எங்க ரூம் பூட்டிக் கிடந்ததும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்!

விளக்கு வாயு சரி, பழம் எங்கே வந்துச்சு? 1934-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்று நிரூபித்தார். வாழை, மா, பப்பாளி எல்லாமே இந்தக் கூட்டம்தான். பழத்துக்கு 'பழுத்துக்கோ' என்று சொல்லும் அதே வாயு, கார்னேஷனுக்கு 'வயசாச்சு' என்று சொல்கிறது. சுருங்கும் கார்னேஷனும் எத்திலீன் விடும் என்பதால், ஒரு பூ போனால் பக்கத்துப் பூவும் போகும்.

நம்மூர்ல வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பாங்களே, அந்தப் புகையிலயும் எத்திலீன்தான். இப்போ கார்பைட் கல்லுக்குத் தடை. அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவையே பழுக்க வைக்கும் அறைகளில் பயன்படுத்தலாம் என்று 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. உச்ச அளவு பத்து லட்சத்தில் 100 பங்கு. கார்னேஷனைத் தூங்க வைக்கும் அளவைப்போல 200 மடங்கு!

அப்படின்னா காலங்காலமா தாம்பாளத்துல பூவையும் பழத்தையும் சேர்த்தே வைக்கிற நமக்கு இது ஏன் தெரியலை? பதில் அந்த சாமந்திதான். அது எத்திலீனை அவ்வளவாகச் சட்டை செய்யாத பூ. மல்லிகையோ எப்படியும் மறுநாள் வாடிடும், யாரும் பழத்தைச் சந்தேகப்பட மாட்டாங்க. கார்னேஷன் நம்ம விசேஷங்களுக்குப் புது விருந்தாளி. அதுக்கு மட்டும் தனி ரூம் வேணும்.

பூக்கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல சார், அடுத்த தடவை பழத்தை ஹால்ல வெச்சிடுங்க" என்றார்.

நீங்களும் பூக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி, பக்கத்துல வாழைத்தார் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.