பிறவாத கன்று சொன்ன மாதம்

ஆல்பர்ட்டாவின் ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் செங்குத்துப் பாறையில் நடந்த இலையுதிர்கால பைசன் காட்டெருமை வேட்டையைச் சென்ற வாரம் பார்த்தோம். வேட்டை முடிந்து பனி இறங்கிய பிறகு வேட்டையாடிய மக்கள் எங்கே போனார்கள்?

மேட்டுச் சமவெளியில் அவர்களுடைய தடம் கண்ணுக்குத் தெரிகிறது. தோல் கூடாரத்தின் ஓரம் காற்றில் தூக்காமலிருக்க வைத்த கற்கள், ஆயிரக்கணக்கான வட்டங்களாகப் புல்லுக்குள் கிடக்கின்றன. ஆனால் மைனஸ் 30 டிகிரிக் குளிரில் மேட்டில் நிற்க முடியாது. ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கினார்கள். அங்கே காற்றுக்கு மறைவும் விறகுக்கு மரமும் உண்டு. பனிப்புயலுக்கு ஒதுங்கும் பைசன்களும் அங்கேதான் வரும். சஸ்கட்டூன் நகருக்கு அருகிலுள்ள வானுஸ்கேவின் ஓடைப் பள்ளத்தில் 6,000 ஆண்டுகளாக மனிதர் தங்கிய தடயங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்திருக்கின்றன.

தோண்டிய முகாம் குளிர்காலத்தது என்று எப்படித் தெரியும்? வழிகாட்டுவது பிறவாத கன்று. பைசன்கள் இணைசேர்வது ஜூலை, ஆகஸ்டில். ஈனுவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். ஆகவே வேட்டையில் விழுந்த பசுவின் வயிற்றிலிருந்த கன்றின் எலும்பை அளந்தால், பசு இறந்த மாதம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இளம் பைசன்களின் பல் முளைப்பும் தேய்மானமும் இன்னொரு சாட்சி. இந்தப் பல் கணக்கை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் வயோமிங் தொல்லியலாளர் ஜார்ஜ் ஃப்ரிசன். சுமார் 12,000 ஆண்டுப் பழமையான அகேட் பேசின் தளத்தில் நடந்தது குளிர்கால வேட்டை, இறைச்சியை உறையவைத்துச் சேமித்தார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இறைச்சி மட்டும் போதாது. கொழுப்பில்லாத இறைச்சியையே தின்றால் உடல் நலிந்துவிடும். அதனால் எலும்பைச் சில்லுச் சில்லாக உடைத்து, தோல் விரித்த குழியில் நீர் ஊற்றி, பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்தார்கள். வெடித்த கற்களும் எலும்புச் சில்லுகளும் குவிந்து கிடக்கும் இடங்களை என்னால் வெறும் குப்பையாகப் பார்க்க முடியவில்லை; குழந்தைகளை வசந்தம்வரை உயிரோடு வைத்திருந்த உழைப்பு அது.

வருத்தம் என்னவென்றால், குளிர்காலத்துக்கு ஏற்ற இடம் தடயத்துக்கு ஏற்ற இடமில்லை. ஆறு வண்டலால் மூடும், அல்லது அரித்துக்கொண்டு போகும். மனிதர் செய்தது அதைவிடக் கொடுமை. 1950-களில் மிசௌரி ஆற்றில் கட்டிமுடித்த கேரிசன் அணை, மண்டான், ஹிடாட்சா, அரிகாரா மக்களின் காப்பு நிலத்தில் 1,50,000 ஏக்கருக்கு மேல் விழுங்கியது. அவர்களுடைய முன்னோர் குளிர்கால ஊர் அமைத்த, மரம் அடர்ந்த தாழ்நிலமும் அதில் போயிற்று. நீர் ஏறுமுன் ஸ்மித்சோனியன் நிறுவனக் குழுவினர் அவசரமாகத் தோண்டி மீட்டது சிறு பங்குதான்.

மண்டான், ஹிடாட்சா, அரிகாரா மக்களின் மண்வீட்டு ஊர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.