அலெப்போ வயலில் ஒரு வளை

பிள்ளைகள் கூண்டில் வைத்துக் கொஞ்சும் பொன்னிற ஹம்ஸ்டர், சிரியாவின் வயல்களில் வளை தோண்டி வாழ்ந்த காட்டுப் பிராணி. 1930 ஏப்ரலில் அலெப்போவுக்கு அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டுவித்து, தாயொன்றையும் 11 குட்டிகளையும் எடுத்தார் விலங்கியலாளர் இஸ்ரவேல் அஹரோனி. கேட்டிருந்தவர் ஜெரூசலம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சோல் அட்லர். மணல் ஈக்கள் பரப்பும் லீஷ்மானியா நோயை ஆராய்ந்தவர். அவர் கைவசமிருந்த சீன ஹம்ஸ்டர்களோ கூண்டில் இனம் பெருக்க மறுத்தன.

பெட்டியில் இட்டதும் தாய் தன் குட்டியொன்றின் தலையைக் கடித்துக் கொன்றது. மற்றவற்றைக் காப்பாற்றவென்று தாயைக் கொன்றார்கள். அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வளையைக் கிளறியவன் மனிதனல்லவா? குட்டிகளை அஹரோனியும் மனைவியும் கையால் வளர்த்தனர். பல்கலைக்கழகத்தில் ஐந்து குட்டிகள் கூண்டின் மரத்தைக் கொறித்துத் தப்பி மாண்டன. மிஞ்சிய சில சகோதரங்களே தமக்குள் கூடிப் பெருகின. ஓராண்டில் 150! 1931இல் அட்லர் சிலவற்றைச் சட்டைப்பையில் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

இன்றைய வளர்ப்பு ஹம்ஸ்டர்களில் மிகப்பெரும்பாலானவை அந்த ஒரே வளையின் சந்ததி. அலெப்போ வயல்களில் இவ்வினம் அருகிவிட்டது. பயிரைத் தின்னும் எலியென்று அங்கு விவசாயிகள் நஞ்சு வைக்கிறார்கள்.