வாழ்க்கை வரலாறும் கட்டுக்கதையும்

ஓர் எழுத்தாளரின் வாழ்வைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் உண்மை எவ்வளவு, வரலாற்றாசிரியரின் ஆக்கம் எவ்வளவு? 'ஜேன் அயர்' நாவலை எழுதிய சார்லற் புரொன்ரேயை எடுத்துக்கொள்வோம்.

1855 இல் சார்லற் மறைந்ததும், தந்தை பற்றிக் புரொன்ரேயின் வேண்டுகோளின்படி, அவர் நண்பியும் நாவலாசிரியையுமான எலிசபெத் கஸ்கெல் எழுதிய வரலாறு 1857 இல் வெளிவந்தது. சார்லற்றின் எழுத்து பெண்மைக்கு ஒவ்வாத முரட்டுத்தனமுடையது என அக்கால விமர்சகர் சிலர் பழித்திருந்தனர். அப்பழியைத் துடைக்க விரும்பிய கஸ்கெல், அதனைச் சூழலின் மீது சுமத்தினார். தனித்த மலைச்சிற்றூர், கொடுமனத் தந்தை, நெறிதவறிய சகோதரன். இவர்கள் நடுவே பொறுமையே வடிவான மகள்! பிள்ளைகளின் வண்ணக் காலணிகளைத் தந்தை நெருப்பிலிட்டார், மனைவியின் பட்டாடையைக் கிழித்தார் என்பன போன்ற கதைகள், முன்னர் அவ்வீட்டிற் பணிபுரிந்த ஒருவரிடமிருந்து செவிவழி வந்தவை. தந்தை மறுத்தார், அதே ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவை நீக்கப்பட்டன. ஆயினும் மக்கள் மனத்திலிருந்து நீங்கவில்லை.

சேர்த்ததைப் போலவே மறைத்ததும் உண்டு. பிரசெல்ஸ் நகரில் தமக்குக் கற்பித்த, மணமான ஆசிரியர் ஏஜே மீது சார்லற் கொண்ட காதலைக் கஸ்கெல் அறிந்தும் வெளியிடவில்லை. அக்கடிதங்கள் 'ரைம்ஸ்' இதழில் 1913 இலேயே வெளிவந்தன.

உண்மையில் பற்றிக் யார்? அயர்லாந்தின் வறிய குடும்பமொன்றில் 1777 இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்றுக் குருவானவர். ஏழைகளை வருத்திய 1834 ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தை எதிர்த்தவர். அவரது ஊராகிய ஹாவர்த் உலகறியாத காடுமன்று. கம்பளி ஆலைகள் நிறைந்த தொழிலூர். அங்கு நல்ல குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் வேண்டி 1849 இல் சுகாதார சபைக்கு மனுச் செய்தவரும் அவரே. ஆய்வுக்கு வந்த பபேஜ் 1850 இல் அளித்த அறிக்கையின்படி, அவ்வூரில் இறந்தோரின் சராசரி வயது ஏறத்தாழ 26. நூற்றுக்கு 41 பேர் ஆறு வயது நிரம்புமுன் மாண்டனர். 1848 செப்டெம்பர் முதல் 1849 மே வரையில் பற்றிக்கும் தம் மக்கள் மூவரை இழந்திருந்தார்.

எரிந்த காலணிகள் நினைவில் நின்றன. குடிநீர் மனு மறக்கப்பட்டது. கட்டுக்கதையின் தீங்கு இதுவே: சமூகத்தின் குற்றத்தை அது ஒரு தனிமனிதனின் குணக்கேடாகவும், ஒரு குடும்பத்தின் தலைவிதியாகவும் மாற்றிவிடுகிறது. அக்கதையை நம்பி 'ஜேன் அயரை'க் கற்பிப்போமாயின், அந்நாவலில் எழும் நியாயமான சினத்தை வெறும் வீட்டுத் துயராகச் சுருக்கிவிடுவோம். எனவே, எந்த வாழ்க்கை வரலாற்றைக் கையிலெடுப்பினும் நாமும் நம் மாணவரும் முதலிற் கேட்கவேண்டியவை இரண்டு: இதைச் சொன்னவர் யார்? எதன் பொருட்டுச் சொன்னார்?