மதுரைக் கட்டு வந்தாச்சா?

காலண்டர், டைரி, தீப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை... எதை எடுத்தாலும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் சிவகாசி என்று இருக்கும். அச்சுக்குப் பேர் போன ஊர். ஆனால் அந்த ஊர்க்காரர் விடிகாலையில் டீக்கடையில் விரிக்கிற தினத்தந்தியும் தினமலரும் மதுரையில் அச்சாகி, கட்டுக் கட்டாக வண்டியில் வந்து இறங்குபவை. நாடே நம்மகிட்ட அச்சடிச்சுக்குது, நம்ம சேதி மட்டும் வெளியூர்ல அச்சாகுது! இது எப்படி ஆச்சு, அதனால என்ன ஆச்சுன்னு கொஞ்சம் பார்ப்போம்.

முதல்ல மாவட்டக் கதை. 1910இல் மதுரை, திருநெல்வேலி ரெண்டுலயும் துண்டு எடுத்து ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினாங்க. அதுவரை நெல்லைச் சீமையில் இருந்த சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் இதற்குள் வந்தன. வேடிக்கை என்னன்னா, ராமநாதபுரம் கலெக்டர் ரொம்ப காலம் உட்கார்ந்தது மதுரையில்! 1985 மார்ச் 15 அன்று காமராஜர் மாவட்டம் (இன்றைய விருதுநகர் மாவட்டம்) பிறந்த பிறகுதான் நமக்குன்னு ஒரு கலெக்டர் ஆபீஸ் விருதுநகருக்கு வந்தது. அதுவரை மனு கொடுக்க மதுரை, பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரை. அதிகாரம் எங்க இருக்கோ அங்கதான நிருபரும் இருப்பார்?

சொந்தமாகப் பத்திரிகையே இல்லாமல் இருந்ததா என்றால், அப்படியும் இல்லை. 1919இல் அருப்புக்கோட்டையில் இருந்து 'நாடார் குல மித்திரன்' வந்தது. சாதிப் பத்திரிகைதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சமூகம் படிப்பு, வியாபாரம், மரியாதை என்று மேலே வரப் போராடியபோது, தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ள அப்படி ஒரு தாள் தேவைப்பட்டது. 1931இல் சுயமரியாதை மாநாட்டை விருதுநகரில் நடத்தும் அளவுக்கு இந்தப் பக்கம் சூடாக இருந்த காலம் அது.

அப்புறம் வந்தது தந்தி. சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் ஆரம்பித்தார். லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், எழுதச் சொன்னது என்னமோ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற தமிழ். அதற்கு முன்னால் சுதேசமித்திரன், தினமணி எல்லாம் மெட்ராசில் இருந்து ரயில் ஏறி வர வேண்டும். மதுரையில் அச்சடித்தால் எழுபது கிலோமீட்டர், விடியறதுக்குள்ள சிவகாசி. டீக்கடையில் ஒருத்தர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் கேட்கிற பழக்கம் ஊர் ஊருக்குப் பரவியது அதற்குப் பிறகுதான். அதே சமயம் நம்ம பகுதிக்கு மதுரைதான் செய்தித் தலைநகர் என்பதும் முடிவாகிவிட்டது.

தியாகி சங்கரலிங்கனாரையே எடுத்துக்குங்க. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கணும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கியது விருதுநகரில். அக்டோபர் 13 அன்று உயிர் பிரிந்தது மதுரை ஆஸ்பத்திரியில். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14இல். போராட்டம் நம்ம ஊரில், சாவு மதுரையில், தீர்ப்பு மெட்ராசில். நம்ம பகுதிச் செய்திகள் நிறைய இந்த வழியாகத்தான் போயிருக்கின்றன.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்'! வத்தல், மல்லி, உளுந்து, நல்லெண்ணெய் விலைக்கு மத்த ஊர்க்காரங்க விருதுநகரைப் பார்த்தாங்க. விலையைச் சொல்ல நாம, கதையைச் சொல்ல மதுரை :-)

ரேடியோ இன்னும் தமாஷ். திருச்சி நிலையம் 1939இல் வந்தது, திருநெல்வேலி 1963இல், மதுரை 1987இல்தான். தமிழ்ச் செய்தியைக்கூட டெல்லியில் இருந்து சரோஜ் நாராயணசாமி வாசிப்பார். 1952 வாக்கில் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்ததும், தெற்கத்தி ஜனம் மொத்தமா இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தது. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்த மயக்கம் தீரலை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலெல்லாம் எங்க பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி.

டிவியும் அப்படித்தான். மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் ஆரம்பித்தாலும் நமக்கு எட்டலை. 1982 பிப்ரவரியில் கொழும்பில் ரூபவாஹினி வந்ததும், தென் மாவட்டங்களில் மொட்டை மாடிக்கு மேல் மொட்டை மாடி உயரத்துக்கு ஆண்டெனா, பூஸ்டர். கொடைக்கானல் மலைக் கோபுரம் வந்த பிறகு தூர்தர்ஷன் தெளிவானது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி, கூடவே கேபிள். கேபிள்காரர்கள் நடத்திய லோக்கல் சேனலில்தான் முதன்முறையாக நம்ம தெரு, நம்ம பொங்கல் திருவிழா, நம்ம ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் திரையில் தெரிந்தன.

சிவகாசியே தனக்குன்னு வெளியிட்ட பத்திரிகை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது காமிக்ஸ்தான். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ், 1984இல் லயன். லண்டனையும் டெக்சாசையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்டியது நம்ம ஊரு மெஷின்!

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். பயர் ஆபீசில் விபத்து நடந்தால் என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் நாற்பது பேர் இறந்தபோது எல்லா டிவியும் வந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் வந்தது. ஆனால் மருந்து கலக்கும்போது ஒருத்தர், காயப் போட்ட வெடியை அள்ளும்போது ரெண்டு பேர் என்று சாகிறார்களே, அது சென்னைப் பதிப்புக்கு ரொம்பச் சின்னச் செய்தி. மாவட்டப் பக்கத்தில் கீழே ஒரு பத்தி வரும். பேர், வயசு, எந்த ஊரு, எந்த ஆலை. எழுதியவர் பெரும்பாலும் பகுதி நேர நிருபர், கூடவே ஏஜென்சியோ வேற தொழிலோ வைத்திருப்பார்.

அந்த ஒரு பத்திதாங்க நம்ம சரித்திரம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான், சரவெடி கூடாது என்று சொன்னபோது, வடக்கத்தி டிவி முழுக்க டெல்லிக் காற்று. அதைத் தப்புன்னு சொல்லலை, அங்க மூச்சு விடுறவனும் மனுஷன்தான். ஆனால் அதற்குப் பிறகு இங்கே ஆலைகள் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும், கூலி இல்லாமல் குடும்பங்கள் தவித்ததும் நாளுக்கு நாள் பதிவானது மதுரையில் இருந்து வரும் அந்த மாவட்டப் பக்கத்தில்தான்.

இன்றைக்கு வெடிச் சத்தம் அடங்குவதற்குள் வாட்ஸப்பில் புகை வந்துவிடுகிறது. ஆனால் அதில் இறந்தவர் பேர் இருக்காது. மறுநாள் வேறு வீடியோ வந்து அதை மூடிவிடும். மாவட்டப் பக்கமோ சாயங்காலமே வடை மடிக்கப் போய்விடும். இருபது வருஷம் கழித்து ஒரு பேத்தி, "எங்க ஆச்சி எப்படிச் செத்தாங்க?" என்று கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கும்?

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருத்தர் இருந்தார். போர்டு எழுதும் ஓவியர். பழைய புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை என்று மத்தவங்க குப்பைன்னு நினைத்ததை எல்லாம் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆனது. தனி மனுஷன் ஒருத்தரால் அவ்வளவு முடிந்திருக்கிறது.

அச்சாபீஸ் இத்தனை இருக்கிற சிவகாசியில், மாவட்டப் பக்கங்களை மட்டும் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்க ஒரு பீரோ போதும். உங்க ஊர் நூலகத்தில் பழைய பேப்பரை எடைக்குப் போடுறாங்களான்னு ஒரு எட்டு போய்க் கேளுங்க. வீட்டுப் பரணில் கட்டிங் வைத்திருக்கிற தாத்தாமார் இருந்தால் போட்டோவாவது எடுத்து வைங்க. பேர், தேதி தெரிகிற மாதிரி எடுங்க மக்களே, அதுதான் முக்கியம்.