புரோப்ரனலால்: இதய மாத்திரை கல்லீரலுக்கு வந்த வழி

குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்கும், கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு இயல்பாக 5 மி.மீ. பாதரச அளவைத் தாண்டாது. கல்லீரல் சுருங்கி இறுகும்போது அது 10ஐக் கடக்கிறது. மடை அடைபட்ட வாய்க்காலைப் போல ரத்தம் பக்கவழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைக்கின்றன. 12ஐத் தாண்டினால் அவை வெடிக்கலாம். நோயாளி ரத்த வாந்தியோடு மருத்துவமனைக்கு வருவார்.

இதற்கு மருந்து தேடியவர்கள் முதலில் கைவைத்தது பிட்யூட்டரி சாற்றில். அதிலுள்ள வாசோபிரஸின் குடலுக்குப் போகும் தமனிகளைச் சுருக்கும்; வரத்து குறைந்தால் போர்ட்டல் அழுத்தமும் இறங்கும். 1956இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இதைச் சிரைக் கசிவுக்குப் பயன்படுத்தி எழுதினார்கள். ஆனால் அந்த மருந்துக்குக் குடல் தமனி, இதயத் தமனி என்ற பேதம் தெரியாது. கசிவு நிற்கும் நேரத்தில் நெஞ்சுவலி வந்தவர்களும் உண்டு. பின்னாளில் வந்த டெர்லிபிரஸின், சொமாட்டோஸ்டாடின், ஆக்ட்ரியோடைடு ஆகியவை அந்த ஆபத்தைக் குறைத்தன. எனினும் எல்லாமே ஊசி மருந்துகள். கசிகிற சில நாட்களுக்கு மட்டும் உரியவை. நோயாளி வீடு திரும்பிய பிறகு அடுத்த கசிவைத் தடுக்க அந்நாளில் அறுவைச் சிகிச்சையில் ரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்பிவிடுவார்கள். அதில் கசிவு நிற்கும். ஆனால் கல்லீரலைத் தொடாமல் போகும் ரத்தத்தின் நச்சு மூளையைக் குழப்பும்.

இந்த இடத்தில்தான் பாரிசை ஒட்டிய கிளிஷி நகரின் போஜோன் மருத்துவமனை வருகிறது. ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் பிறந்து, 1960களின் நடுவில் நெஞ்சுவலிக்காக விற்பனைக்கு வந்த புரோப்ரனலாலை, திதியே லெப்ரெக் குழு கல்லீரல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1980இல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரைத் தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிந்தது. மறு ஆண்டு 74 நோயாளிகளைக் கொண்ட சோதனையின் முடிவு வந்தது: நாடித்துடிப்பு 25 சதவீதம் குறையும் அளவுக்கு மாத்திரை எடுத்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுகசிவு இல்லை, போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 50 சதவீதம்தான்.

மருந்து இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. பீட்டா-1 ஏற்பிகளை அடைத்து இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தைக் குறைக்கிறது; பீட்டா-2 ஏற்பிகளை அடைத்துக் குடல் தமனிகளைச் சுருங்கவிடுகிறது. இதயத்தை மட்டும் குறிவைக்கும் பீட்டா மருந்துகளால் இங்கே அவ்வளவு பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுவே.

உற்சாகம் நீடிக்கவில்லை. 1983இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஆண்ட்ரூ பரோஸ் குழு 48 பேரிடம் செய்த சோதனையில் எந்தப் பலனும் தெரியவில்லை. பாரிஸ் நோயாளிகளின் கல்லீரல் ஓரளவு தாங்கும் நிலையில் இருந்தது; லண்டனில் நோயாளிகள் பலவகை. இரண்டு முடிவுகளையும் முரண்பாடாகப் பார்ப்பதைவிட, 'எந்த மருந்து' என்பதிலிருந்து 'யாருக்கு, எப்போது' என்பதற்குக் கேள்வி நகர்ந்த கட்டமாகப் பார்ப்பதே பொருந்தும். 1987இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஒருமுறைகூடக் கசியாதவர்களுக்கும் இந்த மாத்திரை உதவும் என்று காட்டினார்கள்.

இன்னும் முன்கூட்டியே, சிரை புடைக்கும் முன்பே கொடுத்தால்? 2005இல் ராபர்டோ குரோஸ்மன் குழு டிமோலால் என்ற இன்னொரு பீட்டா மருந்தை வைத்து 213 பேரிடம் சோதித்தது. புடைப்பு தடைபடவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. மறுகோடியிலும் எச்சரிக்கை வந்தது: எளிதில் வற்றாத வயிற்றுநீர் உள்ளவர்களில் பீட்டா மருந்து எடுத்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்ததாக 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. அது வெளிவந்த இடம் அதே போஜோன்! ஆய்வாளர் பட்டியலில் லெப்ரெக்கின் பெயரும் இருந்தது. தன் கண்டுபிடிப்பின் எல்லையைத் தானே எழுதும் நேர்மை மருத்துவத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதல்ல.

2019இல் பார்சிலோனாவின் கந்திட் வில்லனுவேவா தலைமையிலான சோதனை கதையை மறுபடி திருப்பியது. அழுத்தம் 10 அல்லது அதற்கு மேல் உள்ள 201 பேரில், வயிற்றுநீர், கசிவு போன்ற சீர்குலைவோ மரணமோ நேர்ந்தவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 27 சதவீதம், பீட்டா மருந்துக் குழுவில் 16 சதவீதம். குறைந்தது பெரும்பாலும் வயிற்றுநீர்தான். போர்ட்டல் அழுத்தம் குறித்த வல்லுநர்கள் கூடும் பவேனோ மாநாட்டின் 2021ஆம் ஆண்டு ஏழாவது கூட்டம் இதன்படி கசிவுத் தடுப்பு என்ற குறுகிய இலக்கை விட்டு, சீர்குலைவைத் தடுப்பதையே நோக்கமாக வைத்தது; ஆல்ஃபா ஏற்பியையும் அடைக்கும் கார்விடிலாலை முதல் தேர்வாக்கியது. வயிற்றுநீர் உள்ளவரின் மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.