ரிட்லியின் வெட்டும் தொழிலாளியின் கத்தியும்



மலாயா ரப்பர் வரலாறு என்றதும் தேர்வில் நாம் என்ன எழுதுகிறோம்? 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. 1890களில் ரிட்லி பால் வெட்டும் புதுமுறையைக் கண்டார். எல்லாம் சரிதான். ஆனா, அந்த முறையைத் தோட்டத்தில் நடத்திக் காட்டியது தொழிலாளியின் கத்திக் கூர். அதைத்தான் எழுத மறந்துடுறோம்.

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தார்கள். அடிமரம் காயப்பட்டது. ரிட்லி முறையில் சாய்வான ஒரே வெட்டின் கீழ்விளிம்பை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவினால் போதும். பட்டை மீண்டும் வளரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பால்குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில்தான் அதிகம். அதையடுத்து இருப்பது கேம்பியம் என்னும் வளரும் படலம். கத்தி அதற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரை நெருங்கணும், ஆனா தொடக்கூடாது. தொட்டால் மரத்தில் முடிச்சு விழும். புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். பிறகு அதில் ஒழுங்காகப் பால் வெட்ட முடியாது.

மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, பிய்க்கும். கை தானாக அழுத்தும், வெட்டு ஆழமாகிவிடும். அதனால்தான் கத்தி தீட்டுவது அன்றாட வேலையானது. பால் வெட்டும் கத்தியின் முனை வளைந்திருக்கும். வெளிப்பக்கச் சரிவைத் தட்டையான தீட்டுக்கல்லில் தேய்க்கலாம். உள்வளைவுக்கு மெல்லிய விளிம்புள்ள சிறுகல் வேணும். சரிவின் கோணம் மாறாமல் தேய்த்து, விளிம்பில் எழும் மெல்லிய பிசிரையும் எடுக்கணும். பொழுது விடியுமுன் மங்கலான விளக்கொளியில் சீவும்போது கூர்தான் கைக்குத் துணை.

மாணவர்களே, ரப்பர்த் தொழிலின் வளர்ச்சிக்குக் காரணம் கேட்டால் 'மலிவான உழைப்பு' என்பதோடு நிறுத்தாதீங்க. அது குறைந்த கூலி கொடுத்தவர் கணக்கு. 'தொழிலாளர் கைத்திறன்' என ஒரு கருத்தைச் சேர்த்து, காரணத்தையும் விளைவையும் விளக்குங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. ஈப்போவில், குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றி இன்று வீடமைப்புகள்தான். ஆனாலும் பேராக் தோட்டங்களில் பால் வெட்டிய தாத்தா பாட்டிகள் மாணவர் வீடுகளில் இருக்கலாம். மூன்று கேள்விகள் கொடுத்தனுப்புங்க: கத்தியை எப்போது தீட்டினீங்க? யார் கற்றுக்கொடுத்தாங்க? மரத்தில் காயம் பட்டால் என்ன நடந்தது?